சாட்டின் துண்டும் மஞ்சள் சோப்பும்

டைலரக்காவின் தையல் அறை ஜன்னல் கம்பியில் ஒரு சாட்டின் துண்டு எப்போதும் கட்டியிருக்கும். காலையில் எழுந்து வாய் கொப்பளித்தாளோ இல்லையோ, நேராகப் போய் அதை விரல்களால் ஒரு தடவு தடவிப் பார்ப்பாள். விரல் வழுக்கிக்கொண்டு போனால் அன்றைக்குப் பாட்டுச் சத்தம் தெருவரைக்கும் கேட்கும். ‘சர்ர்’ என்று இழை சிக்கினால் முகம் தொங்கிப்போகும். அந்த நாட்களில் கம்பளிக் கோட்டு, கனத்த பேண்ட், பள்ளிச் சீருடை, இவற்றோடு மல்லுக்கட்டுவாள்.

கையில் கரப்பான் என்கிற தோல் நோய். பல வருஷத்து உறவு. உள்ளங்கையும் விரல் நுனிகளும் சிவந்து, செதில் செதிலாக உரிந்து, மோசமான நாட்களில் வெடித்து ரத்தம் கசியும். உப்பைத் தொட்டால் உயிர் போகும். ஒரு தடவை டாக்டரம்மாவிடம் காட்டினாள். இது யாருக்கும் ஒட்டாது, ஒரேயடியாகப் போய்விடவும் செய்யாது, வரும் போகும் என்று சொன்ன டாக்டரம்மா, களிம்பு எழுதிக் கொடுத்து, சோப்பைக் குறைக்கவும் சொன்னார். டைலரக்கா சொன்ன பேச்சைக் கேட்கிறவள். அன்றிலிருந்து அவள் குளியலறைச் சோப்பு தேயவே இல்லை. களிம்பு தீர்ந்ததும் வைத்தியம் தெருவின் கைக்குப் போய்விட்டது.

தெருவுக்குக் கேட்கவா வேண்டும்? பஸ் ஓட்டுகிற தங்கை கற்றாழைச் சோறு பூசச் சொன்னாள். எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் வினிகரில் கையை முக்கச் சொன்னார். வெடிப்பில் வினிகர் பட்டதும் டைலரக்கா போட்ட சத்தத்தில் அவரே இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார். பள்ளிக்கூடத்தில் சமையல் பார்க்கிற கணவர், ஓட்ஸை மெல்லிய துணியில் முடிச்சாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் பிழிந்து, அந்தப் பால்நிறத் தண்ணீரில் தினமும் மனைவியின் கையை ஊறவைப்பார். படுக்கும்போது தேங்காய் எண்ணெய் தடவிப் பருத்தி உறை மாட்டிவிடுவதும் அவர்தான். கல்யாணம் ஆன புதிதில் கூட இந்த மனிதர் இவ்வளவு நேரம் என் கையைப் பிடித்ததில்லை என்று டைலரக்கா தங்கையிடம் சொல்லிச் சிரிப்பாள்.

இத்தனையும் செய்துவிட்டு, துணியைத் தொடும் முன்னால் துணி துவைக்கிற மஞ்சள் சோப்பைப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவுவாள். தொழில் பழகிய இடத்தில் முதல் நாள் கற்றது அது. துணியில் எண்ணெய்க் கறை பட்டால் தையல்காரி தலை நிமிர்ந்து நடக்க முடியாது. இன்றுவரை அவள் கையிலிருந்து போன எந்தத் துணியிலும் ஒரு பொட்டுக் கறை இருந்ததில்லை. அந்தப் பெருமையில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

இப்படியிருக்கும்போதுதான் தங்கைக்குக் கல்யாணம் கூடிவந்தது. வயது ஐம்பதை எட்டிப் பார்க்கிறது, இனிமேல் எங்கே என்று எல்லோரும் பேச்சையே விட்டிருந்தார்கள். அவளோ, தன் பஸ்ஸை மறித்துச் சாலையில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த குடிநீர்க் குழாய் ரிப்பேர்க்காரரிடம் சண்டைக்கு இறங்கினாள். மறுநாளும் சண்டை. அதற்கடுத்த வாரம் பள்ளம் மூடிய பிறகும் சண்டை. பிறகு ஒருநாள் அக்காவிடம் வந்து, வாயெல்லாம் பல்லாக விஷயத்தைச் சொன்னாள். டைலரக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே அளவு நாடாவை எடுத்துத் தங்கையின் தோளில் வைத்துவிட்டாள்.

கிரீம் நிறச் சாட்டினில் தரை தொடுகிற கவுன். துணி வந்து அலமாரியில் காகிதம் சுற்றியபடி உட்கார்ந்திருந்தது. கைதான் மக்கர் செய்தது. தொட்ட இடமெல்லாம் இழை இழுத்துக்கொள்ளும். உறை மாட்டித் தைக்கலாம் என்றால் ஊசி எங்கே போகிறது என்று விரலுக்குத் தெரியாது. கல்யாணம் அடுத்த மாதம். அடுத்த தெருவில் கண்ணாடி போட்ட கடை வைத்திருக்கிற தையல்காரரிடம் கொடுத்துவிடலாமா என்று அவள் தங்கையிடம் கேட்டாள். கூடப் பிறந்தவளின் கல்யாண உடுப்பை இன்னொருவர் தைப்பதா என்ற துக்கம் அவளுக்கு.

“நீ தைக்கலைன்னா நான் பஸ் யூனிஃபார்ம்லயே வந்து நிப்பேன்” என்றாள் தங்கை. அவள் சொன்னால் செய்கிறவள் என்பது அக்காவுக்குத் தெரியும்.

அந்த வாரம் பார்த்து மாப்பிள்ளை ஒரு காரியம் செய்தார். டைலரக்கா தெருவில் ஒரு சின்னக் கசிவை அடைக்க வந்தவர், கல்யாணக் கனவிலோ என்னவோ, பெரிய குழாயையே உடைத்துவிட்டார். தெருவில் ஒரு வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வராமல் போனது. லாரி வந்து ஆளுக்கு இரண்டு குடம் ஊற்றிவிட்டுப் போகும். தெருவில் அவருக்குக் கிடைத்த வசவைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. கணவர் வீட்டுத் தண்ணீருக்குக் காவல் உட்கார்ந்தார். மஞ்சள் சோப்பின் நுரை போகவே அரைக் குடம் ஆகிறது என்று அதைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டார். டைலரக்கா வேறு வழியில்லாமல் ஈரத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, கறை தெரியாத கறுப்புக் கோட்டுகளைத் தைத்துத் தள்ளினாள்.

குழாய் சரியாவதற்குள் கை சரியாகிவிட்டது. வெடிப்பு மூடி, சிவப்பு தணிந்து, சாட்டின் துண்டில் விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அவள் போட்ட கூச்சலில் வீடு நிறைந்துவிட்டது. கற்றாழைதான் என்று தங்கை மார்தட்டினாள். வினிகர் உள்ளே இறங்கி வேலை செய்ய நாளாகும், இப்போதுதான் பலன் தெரிகிறது என்றார் இஸ்திரிக்காரர். கணவர் ஓட்ஸ் முடிச்சை எல்லோர் கண்ணிலும் படும்படி கொடியில் காயப்போட்டார்.

தண்ணீர் வந்தது. டைலரக்கா முதல் வேலையாகப் பரணிலிருந்து மஞ்சள் சோப்பை எடுத்து, முழங்கைவரை தேய்த்து, பூரிப்போடு கவுன் துணியை வெட்டினாள். வெட்டி முடிந்து ஓரம் மடிக்க உட்காருவதற்குள் விரல் மறுபடி சிவந்தது. அதற்கடுத்த நாள் கட்டைவிரல் பிளந்தது. வெட்டிய துண்டுகளை மடியில் போட்டுக்கொண்டு விசும்பினாள்.

கணவர் ஓட்ஸ் தண்ணீர்க் கிண்ணத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கையையும் குழாயடியையும் மாறிமாறிப் பார்த்தார். “வைத்தியம் எல்லாம் அப்படியேதான் நடக்குது. புதுசா வந்தது தண்ணி மட்டும்தான்” என்றார். அப்புறம், “டாக்டரம்மா சோப்பைக் குறைக்கச் சொன்னாங்களே?” என்று கேட்டார்.

“குறைச்சுட்டேனே. குளிக்கிறதுக்குச் சோப்பே போடுறதில்லையே.”

“இது?” என்று குழாயடியில் இருந்ததைக் காட்டினார்.

“இது குளியலா? இது வேலைங்க” என்றவள், தான் சொன்னது தன் காதிலேயே விழ, அப்படியே நிறுத்திக்கொண்டாள். இருவரும் மஞ்சள் சோப்பைப் பார்த்தார்கள். இத்தனை வருஷமாகத் தெருவே கூடிப் பூசியதையெல்லாம் ஒன்றுவிடாமல் கழுவிவிட்டு, கையையும் புண்ணாக்கிக்கொண்டு அப்பாவியாக உட்கார்ந்திருந்தது அது. முதலில் சிரித்தது அவள்தான். சிரித்துச் சிரித்து விக்கல் வந்து, அந்த ஓட்ஸ் தண்ணீரையே குடிக்கப் போனாள்.

அதோடு சோப்பு வீட்டைவிட்டுப் போனது. காலையில் ஓட்ஸ் முடிச்சால் கையைத் துடைத்து, ஒத்தியெடுத்து, சாட்டின் துண்டின் அனுமதி கிடைத்த பிறகே ஊசியைத் தொட்டாள். கை முழுக்கக் குணமாகிவிடவில்லை. சில நாள் அரிப்பு எடுக்கும், சில நாள் சும்மா இருக்கும். ஆனால் கவுன் வளர்ந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் கடைசித் தையலைப் போட்டு நூலை அறுத்தபோது அவள் கத்தரிக்கோலுக்கு முத்தம் கொடுத்தாள்.

கல்யாணத்தன்று இனித் தொடத் துணி இல்லை என்ற தைரியத்தில், கை நிறைய எண்ணெய் பூசிக்கொண்டு கிளம்பினாள். மணமகள் அறையில் தங்கை மூச்சை இழுத்தபோது இடுப்புக் கொக்கி ஒன்று பட்டென்று விட்டுப்போனது. வெளியே எல்லோரும் காத்திருக்கிறார்கள். டைலரக்கா இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சோப்பு எங்கே, சோப்பு எங்கே என்று அறையைச் சுற்றி வந்தாள்.

தங்கை அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தன் இடுப்பில் கொண்டுவந்து வைத்தாள். “சோப்பு கீப்புன்னு போனா கொன்னுடுவேன். அப்படியே மாட்டுக்கா.”

மாட்டினாள். கையை எடுத்தபோது கிரீம் சாட்டினில் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை பளபளத்தது. அவள் வாழ்நாளின் முதல் கறை.

வெளியே மாப்பிள்ளைதான் முதலில் அதைக் கண்டுபிடித்தார். கசிவு பார்த்துப் பழகிய கண். ஏதோ ஒழுகியிருக்கிறது என்று அவர் குனிந்ததும், தங்கை வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, “அது எங்கக்கா கை. தொட்டுத் துடைச்சீங்கன்னா பாருங்க” என்றாள்.

பிறகு விருந்து முடியும்வரை அவள் இடுப்பைத் திருப்பித் திருப்பி ஒவ்வொருவரிடமும் அந்தக் கறையைக் காட்டிக்கொண்டிருந்தாள். டைலரக்கா வெட்கத்தில் சிவந்து, எண்ணெய்க் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இஸ்திரிக்காரர் அவள் பக்கத்தில் வந்து, மெதுவாக, இந்தக் கறைக்கு வினிகர் நல்லது என்றார்.