ஒன்பது மணிப் பாலைவனம்

1. சாலையோரப் புள்ளிகள்

பாலைவனத்தைப் பார்க்காமலே அதற்கு வரைபடம் போடும் வேலை எனக்கு ஓஸ்லோவில் கிடைத்தது, இரண்டாயிரங்களின் நடுவில். ஆப்பிரிக்கப் பாலைவனத்துத் தேசியப் பூங்கா ஒன்றின் சாட்டிலைட் இமேஜை வைத்து, எந்தச் செடிகள் எங்கே கூட்டமாக வளர்கின்றன என்று வகை பிரிக்க வேண்டும். ஓர் ஊழியர் நேரில் போய் பிளாட் போடுவார். அதாவது, சதுரமாகக் கயிறு கட்டி, உள்ளிருக்கும் செடிகளை எழுதி வருவார். அந்த மாதிரியை வைத்துக் கம்ப்யூட்டர் மிச்சப் பூங்காவை நிரப்பும்.

என் ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருந்தது. வரைபடம் தேறினால் நிரந்தர வேலை. இல்லையென்றால் விசாவோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கம்ப்யூட்டரோ பூங்கா முழுக்க அடர்ந்த புதர் என்றது. கயிறு கட்டிய இடங்களின் ஜிபிஎஸ் புள்ளிகளைப் பார்த்தேன். அத்தனையும் சாலையோரம்! தார் ரோட்டில் விழும் மழை ஓரத்துக்கு ஓடி, அங்கே மட்டும் செடி செழித்திருக்கிறது. போனவர் ஜீப்பை விட்டு நகரவே இல்லை.

2. வெயில் நாட்டு ஆள்

கூட்டத்தில் போட்டு உடைத்தேன். நார்வேயில் யாரும் கத்தமாட்டார்கள்; காபி ஊற்றுவார்கள். மேலாளர் இங்ரிட் ஊற்றிக்கொண்டே, "நல்லா கண்டுபிடிச்சீங்க. நீங்களே போயிட்டு வாங்களேன். வெயில் உங்களுக்குப் பழக்கம்தானே?" என்றார்.

நான் பிறந்து வளர்ந்தது ஊட்டி. சென்னை வெயிலுக்கே தலை சுற்றும்.

பக்கத்து மேசை தர்ஷினி சிரித்தாள். ஈழத்துப் பெற்றோருக்கு இங்கேயே பிறந்து, ஓஸ்லோப் புறநகர் ஸ்டோவ்னரில் வளர்ந்தவள். "ரோட்டை விட்டுத் தள்ளிப் போவியளோ அண்ணா?"

"பாத்துட்டே இரு."

பூங்காவுக்குப் போன பிறகும் அலுவலக வழக்கப்படி தினமும் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினேன். முதல் நாள் சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். மூன்றாம் நாள் இருநூறு மீட்டர். ஐந்தாம் நாள் ஜீப்பின் நிழலிலேயே கயிறு கட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

3. மறுபடியும் காபி

திரும்பி வந்ததும் தர்ஷினி என் புள்ளிகளைத் திரையில் போட்டுப் பார்த்தாள். "அண்ணா, இதுவும் ரோட்டுப் புதர்தானே? நான் சொல்லமாட்டன். நீங்களே சொல்லுங்கோ."

வேலை போனால் போகட்டும் என்று கூட்டத்தில் ஒப்புக்கொண்டேன். இங்ரிட் காபி ஊற்றினார். "நேர்மையா சொன்னீங்க. மேப் சரியாகிற வரைக்கும் இருங்க." பிறகு தர்ஷினியைப் பார்த்தார். "வெயில் உங்களுக்கும் பழக்கம்தானே?"

ஸ்டோவ்னர்க்காரி போனாள். அவள் புள்ளிகள் மூன்று கிலோமீட்டர் உள்ளே இருந்தன. பூங்காவில் பெரும்பகுதி வெறும் மணல் என்று தெரிந்தது. வரைபடம் தேறியது, நானும் தேறினேன்.

அந்த வெயிலில் அவ்வளவு தூரம் நடக்க அவளால் எப்படி முடிந்தது என்று கேட்டேன்.

"விடிய முன்னம் வெளிக்கிட்டு, எட்டு மணிக்கே முடிச்சிட்டன். அந்த வெயிலுக்க ஆரும் ஒன்பது மணிக்கு வேலை தொடங்குவினமே, அண்ணா?"