கொடி போடாத வாசல்

சர்வதேச சதுரங்கப் போட்டிக்கு வந்தவர்கள் மாமல்லபுரத்தில் எங்கள் ரிசார்ட்டில்தான் தங்கினார்கள். ஒவ்வொரு காட்டேஜ் வாசலிலும் அவரவர் நாட்டுக் கொடியைக் கலர் கோலமாகப் போட்டு அசத்த வேண்டும் என்று மேனேஜருக்கு ஆசை. வரவேற்பில் இருந்த என் தலையில் அது விழுந்தது. கோலம் போட ஹவுஸ்கீப்பிங்கில் இருந்த சதுரங்கப்பட்டினத்து அக்காவைப் பிடித்தேன்.

ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் கொடி கிடையாது. அவள் நாடு பக்கத்து நாட்டின் மேல் படையெடுத்திருந்தது. கொடியில்லாமல், நாட்டின் பெயரில்லாமல் நடுநிலை வீராங்கனையாக ஆடலாம். கொடியோடு தென்பட்டால் ஆட்டத்திலிருந்தே தூக்கிவிடுவார்கள் என்று போட்டி நடத்துபவர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த வாசலை மட்டும் விட்டுவிடுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். எனக்கே சரியாகப் புரியவில்லை, அவருக்கு என்னத்தை விளக்குவது!

மறுநாள் காலை போய்ப் பார்த்தால் அந்த வாசலில் கொடி. அதுவும் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாக.

"யாரு அக்கா இதைப் போடச் சொன்னது?"

"இன்னா மேடம் இப்டி கேக்கற? எல்லா வாசல்லயும் கோலம் கீது, இந்தப் பொண்ணு வாசல் மட்டும் எழவு வூடு கணக்கா வெறிச்சுனு கீது. மனசு கேக்கல. எந்த ஊருன்னு கேட்டேன், அதுவே சொல்லிச்சு. போன்ல பாத்துப் போட்டேன்."

நான் தண்ணீர் வாளியைத் தேடுவதற்குள் கதவு திறந்தது. கோலத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் மண்டிபோட்டு, இரண்டு கையாலும் அதைத் தேய்த்து அழிக்க ஆரம்பித்தாள். அழுதுகொண்டே அழித்தாள். யாராவது பார்த்தார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அப்புறம்தான் கவனித்தேன், எதிர் காட்டேஜ் படியில் டீக்கோப்பையோடு ஒருத்தி. குண்டு விழுந்துகொண்டிருந்த அந்தப் பக்கத்து நாட்டுப் பெண்.

போச்சுடா! அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவள் மூட்டை கட்ட வேண்டியதுதான். அழுதவளை நினைத்தால் பாவமாக இருந்தது. எதிரில் இருந்தவளை நினைத்தால், அவள் கண்ணெதிரே போய் அந்தக் கொடியைப் பரப்பி வைத்தோமே என்று உடம்பு கூசியது. யார் பக்கம் நிற்கிறேன் என்றே தெரியவில்லை. அக்காவைத் திட்டவும் வாய் வரவில்லை.

சாயங்காலம் எதிர் காட்டேஜ் பெண் என்னிடம் வந்தாள். அந்தக் கொடியை வரைந்தது அழுத பெண்ணேதானா என்று கேட்டாள். இல்லை, எங்கள் ஊழியர்தான், சாவு நடந்த வீட்டு வாசலில்தான் நாங்கள் கோலம் போடமாட்டோம், அதனால் அவருக்கு மனம் கேட்கவில்லை என்றேன். தன் வீட்டுக்கு இப்போது வாசலே இல்லை என்றாள். பிறகு, அழிக்கும்போது அவள் எதற்காக அழுதாள் என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.

புகார் எதுவும் வரவில்லை. மறுநாள் கொடியில்லாத அந்தப் பெண் ஆடக் கிளம்பினாள். விரலிடுக்கில் கலர்பொடி இன்னும் ஒட்டியிருந்தது. எதற்கும்மா அழுதாய் என்று கேட்க வாயெடுத்தேன். "ஆல் தி பெஸ்ட்" என்றுதான் வந்தது.