நாலாவது ரைட்

நாற்பத்தாறு வயதில் ஸ்கூட்டர் ஓட்டவும் இங்கிலீஷ் பேசவும் ஒரே சமயத்தில் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். பீளமேட்டில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் வேலை கிடைத்திருந்தது; அதற்கு இரண்டும் வேண்டியிருந்தன. இங்கிலீஷுக்கு சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன். ஸ்கூட்டர் சொல்லிக்கொடுத்தது என் கணவர். தாராபுரம் பஸ்ஸில் இருபத்தாறு வருஷம் கண்டக்டராக இருந்தவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டினேன். வலப்பக்கம் ஒரு தெரு பிரியும் இடத்தில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிறுத்தினேன். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். வண்டி எதுவும் வரவில்லை.

"ரைட், ரைட்!"

நான் வலப்பக்கம் ஒடித்தேன். தெருமுனையில் இளநீர் குவித்திருந்தார்கள். அடுத்த நொடி நாங்கள் இருவரும் தரையில் கிடந்தோம். சுற்றிலும் இளநீர்கள் உருண்டுகொண்டிருந்தன. என் முட்டியில் நல்ல சிராய்ப்பு.

"நேராப் போகச் சொன்னா ஏன் அம்மணி திருப்புனே?"

"நீங்கதானுங்க ரைட்டுன்னீங்க!"

இளநீர்க்காரர் ஓடிவந்தார். நாங்கள் எழாமலே சண்டை போடுவதைப் பார்த்து, முதலில் ஆளுக்கொரு இளநீரை வெட்டிக் கொடுத்தார்.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். டீச்சர் என் மகள் வயதுப் பெண். சிரித்துக்கொண்டே போர்டில் எழுதினாள்: ரைட் என்றால் வலது, சரி, உரிமை.

"பஸ்ஸுல சொல்றது?" என்றேன்.

"அது நம்மூர்ல மட்டும்தானுங்க அக்கா. வெள்ளைக்காரங்களுக்குப் புரியாது."

மெஸ் நடத்தும் அண்ணன் ஒருவர் விடவில்லை. "அப்புறம் பஸ் எப்பிடிங்க மிஸ் நவுரும்?"

வகுப்பே அவரோடு சேர்ந்துகொண்டது. டீச்சர் நாலாவதாக எழுதினாள்: 'வண்டியை எடு.'

வீட்டில் கணவர் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். நான் விழுந்ததிலிருந்து அடுப்படி அவர் பொறுப்பு. போர்டில் எழுதியதைச் சொன்னேன்.

"நெசமாவா? நம்முளுதையும் எழுதுனாங்களா?"

இரண்டு தடவை கேட்டார். தோசை தீய்ந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "தப்பு என்ற மேலதான் அம்மணி. பஸ்ஸுல நிக்கறதா நெனச்சுப்போட்டேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தப்பை ஒத்துக்கொண்டு நான் கேட்டதில்லை. தீய்ந்த தோசையை முழுசாகத் தின்றேன்.

அதன்பிறகு வலதுக்குச் சோத்தாங்கை, கிளம்புவதற்குப் போலாம் என்று பேசிவைத்துக்கொண்டோம். இரண்டு மாதத்தில் லைசென்ஸ் வாங்கினேன். இப்போது வேலைக்கு நானே ஓட்டிப் போகிறேன். ஞாயிறன்று சந்தைக்குப் போகும்போது அவர் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் ஊர்க்கதை பேசிக்கொண்டு வருகிறார்.