காதலுக்கு ஒரு காரணம்

கதாநாயகிகளுக்கு டப்பிங் பேசுவதுதான் எங்கள் அக்காவுக்கு வேலை. அன்று மாட்டியது ஒரு காதல் காமெடிப் படம். காமெடியில் ஒரு சிரிப்புக்கும் வழியில்லை. நாயகனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்த கதாநாயகி, அடுத்த காட்சியிலேயே "நீ இல்லாம நான் இல்ல" என்று உருகுகிறாள். எத்தனை டேக் போயும் அந்த ஒரு வரி மட்டும் அக்கா வாயில் பொய்யாகவே வந்தது.

"இவ ஏன் தம்பி திடீர்னு இவனைக் காதலிக்கிறா?" என்று இயக்குநரைக் கேட்டாள்.

"இடைவேளை வந்துடுச்சேக்கா."

"இதெல்லாம் ஒரு காரணமா? எழுதின கையை உடைக்கணும்" என்று பொரிந்து தள்ளினாள். "சரி, நாளைக்குப் பேசிக்கலாம்" என்று அவர் அனுப்பிவைத்தார்.

தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த அத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க எதுக்குங்க என்னைக் கட்டிக்கிட்டீங்க?"

அத்தான் யோசிக்கக்கூட இல்லை. "எனக்கு முப்பது வயசு ஆயிடுச்சே."

அக்கா வெந்நீர் வைத்துத் தொண்டையைக் கொப்பளித்தாள்.

மறுநாள் அந்த வரியை ஒரே டேக்கில் பேசி முடித்தாள்.