பென்சிலில் வந்த பாதம்

குவைத்தில், ஃபர்வானியா ரூமில் வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் எங்களுக்கு ஏதாவது ஒரு வாதம் வேண்டும். அன்றைக்குக் கிடைத்தது, மனுஷனுக்குச் சாவே இல்லாமல் போனால் நல்லதா கெட்டதா என்பது.

ரூமில் இரண்டே பேர். நான் திருச்சிக்காரன், கட்டட கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், என் வயதுதான், ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட். ஊரில் சண்டை மூண்டதிலிருந்து, லீவு கிடைத்தாலும் அவருக்குப் போக வழியில்லை.

“சாவில்லாட்டி நல்லம்தானே,” என்றார். “பிரச்சினை எப்ப முடிஞ்சாலும் முடியட்டும். அம்மாவும் இருப்பா, நானும் இருப்பன். ஆறுதலாப் போய்ப் பாக்கலாம்.”

எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை. “அட போங்க! சாவு இல்லன்னா எவன் லீவு கேப்பான்? அப்புறம் பாத்துக்கலாம்னு காலை நீட்டிப் படுத்துக்குவான்.”

தட்டைக் கழுவப் போனவர் திரும்பிப் பார்த்தார். “ஐசே, நீர் இப்பவே அப்பிடித்தானே இருக்கிறீர்? மூண்டு வருஷமா மனிசிக்கு ‘அடுத்த வருஷம்’ எண்டு எழுதுறீர். எனக்குப் போக ஏலாது. உமக்கு என்ன கேடு?”

சுருக்கென்றது. “உங்க வேலையப் பாருங்க!” என்று கத்திவிட்டு, இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அவர் சொன்னதில் என்ன தப்பு? லீவு வரும்போதெல்லாம் மேனேஜர், இந்த சைட் முடியட்டும் என்பார். நானும் தலையாட்டுவேன். மகளை இரண்டு வயதில் விட்டு வந்தவன் நான். அவள் எங்கே ஓடிப்போகப் போகிறாள் என்று ஒரு நினைப்பு. மூன்றாம் நாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.

அங்கே இருப்பவர்களுக்குப் பிள்ளைகளின் கால் அளவு கடிதத்தில்தான் வரும். காகிதத்தின் மேல் குழந்தையை நிற்க வைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு அனுப்புவார்கள். மூன்று வருஷத்துக்கு முன், போகாமல் போன முதல் லீவுக்கு நாள் குறித்தபோது மனைவி அனுப்பிய பாதம் என் டைரிக்குள் இருந்தது, ஐந்து விரலும் கோணல்மாணலாக. அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். இந்தத் தடவை, புதிதாக அளவு அனுப்பட்டுமா என்று அவள் கேட்டதற்கு, வேண்டாம், இருக்கிறது என்று எழுதினேன். சுவரின் கனத்தை மில்லிமீட்டரில் போடுகிறவன், வளர்ந்திருப்பாளே என்று ஒரு விரல் தாராளம் விட்டுச் சிவப்பு ஷூ வாங்கினேன். எப்பேர்ப்பட்ட முட்டாள்!

திருச்சி வீட்டில் பெட்டியைத் திறந்ததும் அதைத்தான் முதலில் எடுத்தேன். ஏழு வயது மகள் என் முகத்தையே பார்த்தபடி, விரல்களை மடக்கி உள்ளே திணித்தாள். குதிகால் பாதி வெளியே நின்றது.

“சரியா இருக்குப்பா.”

அப்படியே அடுப்படி வரைக்கும் நொண்டி நொண்டி நடந்து காட்டித் திரும்பினாள்.

“கழட்டுடி, கால் புண்ணாயிடும்,” என்றாள் மனைவி.

எனக்கு அழுகை முட்டியது. மகள் அதைக் கவனித்துவிட்டாள். ஷூவைப் பாவாடையால் துடைத்து, அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

“பத்திரமா வெச்சுக்கறேன்ப்பா. அடுத்த வருஷம் போட்டுக்கறேன்.”

ஒவ்வொரு வருஷமும் என் கடிதத்தில் அவள் கேட்ட வார்த்தை அது.