கலாவதி திருப்பி அனுப்பிய நட்சத்திரங்கள்

என் பெண்டாட்டி கலாவதி பொல்லாதவள். புக்கிட் ரோத்தானுக்கு வெளியே இருக்கும் செம்பனை ஆலையில் குலைகளைத் தரம் பிரிப்பது அவள் வேலை. இருபது வருஷத்துக்கு முன்னால் என் லோரியில் பழுத்த குலைகளுக்கு அடியில் காய்க்குலைகளை ஒளித்துக் கொண்டுபோனேன். முழு லோரியையும் கொட்டச் சொல்லி, என்னையே ஒவ்வொன்றாகப் பொறுக்க வைத்தாள். அடுத்த வருஷமே அவளைக் கட்டிக்கொண்டேன். என் புத்தியை என்ன சொல்ல!

இப்போது நட்சத்திரங்களையும் தரம் பிரிக்கிறாள். சூரியனைவிடச் சின்னதான, சூடு குறைந்த சிவப்பு நட்சத்திரங்களுக்கு ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் பட்டியல் போடுகிறது. யார் வேண்டுமானாலும் உதவலாம். நட்சத்திரத்தின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் கணினியில் ஏறி இறங்கும் ஒரு கோடு கிடைக்கும். அதில் விழும் பள்ளங்கள் ஆழமாக ஆக, நட்சத்திரம் குளிர்ந்தது என்று அர்த்தம். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை எண் போட வேண்டும். ஞாயிறு காலையில் சமையலை முடித்துவிட்டு உட்காருவாள். எட்டு மாதத்தில் அறுநூற்று நாற்பது!

ஐந்நூறு முடித்தவர்களின் பெயர் பட்டியலின் முதல் பக்கத்தில் வரும் என்று மின்னஞ்சல் வந்தது. விடுவேனா? ரவாங்கில் இருக்கும் தங்கச்சி முதல் கோப்பிக் கடைக் கூட்டம் வரை சொல்லித் தீர்த்துவிட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு அவள் முகமே சரியில்லை.

“ஏங்க, இந்த ஒரு பள்ளம் மட்டும் எல்லாத்துலயும் ஒரே எடத்துல இருக்கு.”

“இருந்துட்டுப் போவட்டும் லா.”

“எல்லாத் தோட்டத்துக் குலையிலயும் ஒரே எடத்துல வெட்டு இருந்தா, அது மரத்துல வந்ததா? நம்ம ஆலையில வந்தது!”

தேடிப் படித்தாள். அவள் நினைத்தது சரிதான். அந்தப் பள்ளம் நட்சத்திரத்துடையதே இல்லை. ஒளி இங்கே வந்து சேரும்போது நம் பூமியின் காற்று விழுங்கிய இடம் அது. அதை விட்டுவிடச் சொல்லி அவர்கள் கொடுத்த வழிக்குறிப்பில் இருந்ததாம், அந்தப் பக்கத்தை இவள் தாண்டிவிட்டாள். அதையும் சேர்த்து அளந்ததில் நட்சத்திரங்களை இருப்பதைவிடக் குளிர்ந்ததாக எழுதிவிட்டாள். வெளியே சொன்னால் அறுநூற்று நாற்பதும் போகும், பெயரும் போகும்.

“யாருக்குத் தெரியப் போவுது? பேசாம இரு கலா,” என்றேன்.

லோரியைக் கொட்டச் சொன்ன அன்று பார்த்தாளே, அதே பார்வை.

“அடியில காய்க்குலைய வச்சிக்கிட்டு மேல என் பேரப் போடச் சொல்றீங்களா?”

நடந்ததைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி அனுப்பிவிட்டுத்தான் அழுதாள். திருத்தப் பத்து நாள் கொடுத்தார்கள். வேலைக்கும் போய்க்கொண்டு நூற்றுப் பன்னிரண்டுதான் அவளால் முடிந்தது.

போன மாதம் பட்டியல் வந்தது. முதல் பக்கத்தை இரண்டு முறை தேடினேன். அவள் பெயர் இல்லை.

கோப்பிக் கடையில் கூட்டாளி தனேஷ் சிரித்தான். “எங்கய்யா, உம் பொண்டாட்டி பேரக் காணோம்?”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“இல்லதான். ஏன் இல்லன்னு கேளு லா, சொல்றேன்.”