வெள்ளிக்கிழமைப் பின்சீட்டு

முதலில் மூக்குக்கண்ணாடி கழலும். அடுத்து மோதிரம். இரண்டையும் பக்கத்தில் நிற்பவர் யாரானாலும் அவர் கையில் திணித்துவிட்டு, பெர்னடீன் ஜெலின்ஸ்கி அடுத்தவர் காரின் பின்சீட்டுக்குள் இடுப்புவரை நுழைந்துவிடுவார். வெளியே தெரிவது பூப்போட்ட கால்சட்டையும் வெள்ளைக் கேன்வாஸ் காலணியும்தான். வயது எழுபத்து நான்கு. வலது முழங்காலுக்குள் இருப்பது எலும்பல்ல, எஃகு. "எவனாச்சும் என் பின்பக்கத்தப் போட்டோ புடிச்சீங்க, தொலைச்சுப்புடுவேன்!" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

மிச்சிகன் மாநிலத்தில் கோடைக்காலச் சனிக்கிழமைகளில் எங்கே பழைய கார்க் காட்சி நடந்தாலும் இவரைக் கூப்பிடாமல் இருக்க மாட்டார்கள். 1970-லிருந்து ஐந்து வருடம், டெட்ராய்ட் பக்கம் ஓர் ஆலையில் 'ரெட்டெயில் 440' காருக்குப் பின்சீட்டு பொருத்தியவர் இவர். சிக்னலில் சும்மா நின்றாலே பக்கத்துக் கடையின் கண்ணாடி அதிரும். மிதித்தால் பின்சக்கரம் புகை கக்கும். அப்பேர்ப்பட்ட வண்டி அது.

அந்தக் காலத்தில் வரிசையில் நகர்ந்து வரும் ஒவ்வொரு காரோடும் ஒரு தாள் வரும். எந்த எஞ்சின், எத்தனை கியர், என்ன நிறம் எல்லாம் அதில் இருக்கும். சீட்டு மாட்டிய பிறகு அந்தத் தாளுக்கு வேலையில்லை, குப்பைதான். "குப்பைத்தொட்டி இருபதடி தள்ளி இருந்துச்சு. யாரு நடக்குறது? சீட்டு ஸ்பிரிங்குக்குள்ள சொருகிட்டேன்" என்பார் பெர்னடீன். அந்தச் சோம்பேறித்தனத்துக்குத்தான் இன்று இத்தனை மரியாதை. வேறு எஞ்சினோடு பிறந்த சாதாரண வண்டிக்குள் பெரிய 440 எஞ்சினை இறக்கி வேஷம் போட்டுவிடுகிற ஆட்கள் ஏராளம். எது அசல் என்று சொல்ல அந்தத் தாளைவிட்டால் நாதியில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் காரின் பின்பாதியைத் தவிர இவருக்கு ஒன்றும் தெரியாது. இவர் நின்ற இடத்திலிருந்து முன்பக்கம் தெரியவே தெரியாதாம். இப்போதுதான் படிக்கிறார். வாத்தியார் ஓடிஸ் ப்ரூயிட். அதே ஆலையில் ஸ்டீயரிங் மாட்டியவர், இன்று இவருடைய மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடவே வருகிறவர்.

"இந்த வட்டத் தகர டப்பா என்னது?"

"காத்து வடிகட்டி. போன வாரமும் சொன்னேன்."

"நீ சொல்லும்போதே எனக்குக் கொட்டாவி வந்துடுது, நான் என்ன பண்ண?"

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மாதாகோவில் மைதானத்தில் காட்சி. வறுத்த வெங்காயமும் பெட்ரோலும் சேர்ந்து மணக்கிறது. பிளம்பர் டெல்வினின் கிளிப்பச்சை ரெட்டெயிலைச் சுற்றி ஒரே கூட்டம். பதினெட்டு வருடம் ஓய்வுநாள் பார்க்காமல் அதைத் தேற்றியிருக்கிறான் மனிதன். அதை அசல் வண்டிகளின் வரிசையில் விடமாட்டேன் என்று நடுவர் ஹார்லன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"தாளக் காட்டுப்பா. பன்னெண்டு மணி வரைக்கும் டைம். இல்லன்னா வண்டிய அந்த வரிசைக்கு எடுத்துட்டுப் போ."

'அந்த வரிசை' என்றால் வேஷக்கார வண்டிகளின் வரிசை. டெல்வினின் முகம் செத்துப்போயிற்று.

"பெர்னிம்மா, ஸ்பிரிங்க மூணு தடவ பாத்துட்டேன். ஒண்ணுமே இல்ல. நீங்கதான் பாக்கணும்."

"பாக்குறேன். ஆனா தாள் கெடச்சு, அதுல சின்ன எஞ்சின்னு போட்டிருந்தா என்னடா பண்ணுவ?"

டெல்வின் கார்க் கதவைத் திறந்துவிட்டான். "தெரிஞ்சே ஆகணும். பாருங்க."

அந்தப் பதில் பெர்னடீனுக்குப் பிடித்துப்போயிற்று. கண்ணாடியும் மோதிரமும் ஓடிஸின் கைக்குப் போயின. உள்ளே நுழைந்து சீட்டின் அடியை மூலைமூலையாகத் துழாவினார். ஐம்பது வருடத் தூசியும் ஒரு தலைக்கிளிப்பும்தான் அகப்பட்டன. வெளியே வந்து தும்மினார்.

"கதவோரத் தகட்டுல தேதி இருக்குமே, படி."

"எழுபத்தொண்ணு, ஏப்ரல் இருபத்து மூணு."

பெர்னடீன் விரல்விட்டு எண்ணினார். "அந்த வருஷம் ஈஸ்டர் பதினொண்ணாந் தேதி. அதுக்கு அப்புறம் ரெண்டாவது வெள்ளி... அட மடையா, இது வெள்ளிக்கிழமை வண்டிடா! அதை மொதல்லயே சொல்ல வேணாமா?"

"வெள்ளிக்கிழமைன்னா என்னம்மா?"

"வெள்ளிக்கிழமைதான் அந்தக் குண்டு இன்ஸ்பெக்டர் வருவான். ஒவ்வொரு சீட்டுலயும் உக்காந்து காதத் தீட்டிக்கிட்டுக் கேப்பான். அடியில சரசரன்னுச்சோ, 'என்னத்த ஒளிச்சு வெச்சே? கழட்டு'ன்னு திருப்பி அனுப்பிடுவான். அதனால வெள்ளிக்கிழமை மட்டும் சாயுற பக்கம், இடது மூலை, பஞ்சுக்குப் பின்னால. அதையும் கழட்டு, சீக்கிரம்!"

"அப்பவாவது குப்பைத்தொட்டிக்கு நடந்திருக்கலாமே" என்றார் ஓடிஸ்.

"அது என்னா பழக்கம், வாரத்துல ஒரு நாளைக்குன்னு?"

மணி பதினொன்று ஐம்பது. டெல்வின் ஸ்பேனரை எடுத்துச் சாய்மானத்தின் போல்ட்டுகளைத் திருகினான். சாய்மானம் கழன்று வந்ததும் பெர்னடீன் சாக்குத்துணிக்கும் பஞ்சுக்கும் நடுவே இடது கையை விட்டார். கூட்டம் நெருங்கி வந்தது. அவர் உதட்டைக் கடித்தார், கண்ணை மூடினார், தோள்பட்டை வரை கையை நுழைத்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், களுக்கென்று, இருபது வயதுப் பெண்ணைப் போல. கையில் நான்காய் மடித்த, தேநீர் நிறத்துக்குப் பழுத்த தாள்.

ஹார்லன் அதை இரண்டு விரலால் பிரித்து, காரின் எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டார். எண் பொருந்தியது. இனி எஞ்சின். டெல்வின் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நானூத்து நாப்பது. நாலு கியர். கிளிப்பச்ச" என்று படித்துவிட்டு, ஹார்லன் முதல்முறையாக இறுகியிருந்த முகத்தைத் தளர்த்தினார். "அசல்தான்யா. நிறுத்து இங்கேயே."

டெல்வின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். எழுந்ததும் பெர்னடீனை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். "முழங்காலு! முழங்காலு!" என்று அவர் அலறினார், சந்தோஷமாகத்தான். மைதானம் முழுக்க ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள்.

கூச்சல் அடங்கியபின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெர்னடீன் தாளை வாங்கிப் பின்பக்கம் திருப்பினார். பென்சில் எழுத்து மங்கலாக இருந்தது. அன்றைக்கு ஆலையில் மதியச் சாப்பாட்டு வேளையில் நால்வர் இருவர் இருவராகச் சேர்ந்து யூக்கர் சீட்டாடிய கணக்கு: *பெர்னி, லூசில் — 10. ஓடிஸ், ஸ்டான் — 4.*

"அது என் கையெழுத்து இல்ல" என்றார் ஓடிஸ்.

"என் கையெழுத்து."

"அதத்தான் சொல்றேன். நீ எழுதினா நீதானே ஜெயிப்ப."

"வாய மூடு. பத்துக்கு நாலு! தோல உரிச்சிருக்கோம்."

லூசில் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. அந்தப் பெயர்மேல் பெர்னடீனின் கட்டைவிரல் கொஞ்ச நேரம் நின்றது. சிரிப்பும் அப்படியே முகத்தில் நின்றது.

ஹார்லன் தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, எண்ணும் எஞ்சின் விவரமும் ஊருக்கே தெரியும்படி முன்கண்ணாடியில், வைப்பருக்கடியில் வைத்தார். டெல்வின் வண்டியைக் கிளப்பினான். அந்த உறுமலைக் கேட்கக் கூட்டமெல்லாம் புகைக்குழாய்ப் பக்கம் ஓடியது. முன்பக்கம் யாருமில்லை. பெர்னடீன் இரண்டு புறமும் பார்த்துவிட்டு, வைப்பரைத் தூக்கி, தாளைத் திருப்பி, பென்சில் எழுத்து வெளியே தெரியும்படி வைத்து, வைப்பரை மறுபடி படிய அழுத்தினார்.